சீதக்காதி விட்டுச் சென்ற நிழல்



அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் பொருள்நிரல் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கும். மூன்றாவது தீர்மானத்தைப் படித்தீர்களா? நம் கட்டடத்தின் நடுவில் உள்ள திறந்த முற்றத்தைப் பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடுவது, மாடிப்படியின் மேற்குப் பக்கத்து சிமெண்ட் ஜாலியை எடுத்துவிட்டுக் கண்ணாடி பொருத்துவது என்பதுதான் அது. போன ஐப்பசி மழையில் படியில் சாரல் அடித்து, நம்மில் வயதான ஒருவர் வழுக்கி விழுந்ததை யாரும் மறக்கவில்லை. புறாத் தொல்லை வேறு. எனவே தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்களிடம் குறை காண ஒன்றுமில்லை.

ஆனாலும் கையைத் தூக்குவதற்கு முன்னால், நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் கதையைக் கொஞ்சம் கேட்டுவிடுங்கள். அவர் மறைந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. கடலாடியிலிருந்து கிழக்கே ஏர்வாடி வழியாகப் பஸ் ஏறினால் அவர் ஊர் வந்துவிடும். ஊர் கீழக்கரை. அவர் வள்ளல் சீதக்காதி.

பெயரில் தொடங்குவோம்

2018-இல் சீதக்காதி என்ற பெயரில் ஒரு திரைப்படம் வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பெயர் அதன் மூலமாகத்தான் தெரியும். பெரியவர்களுக்கோ அது ஒரு பழமொழி. உயிரோடு இருக்கும்போது கொடுப்பவர்கள் உண்டு. செத்த பிறகும் கொடுத்தவர் சீதக்காதி ஒருவர்தான் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அவருடைய இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். அந்த அரபுப் பெயர் தமிழ் நாக்கில் உருண்டு உருண்டு சீதக்காதி ஆயிற்று. ஊரில் பெரியதம்பி மரைக்காயர் என்றும் அழைத்தார்கள். மரக்கலம் ஓட்டி வணிகம் செய்த தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு மரைக்காயர் என்று பெயர். இவர் வாழ்ந்தது 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்.

கப்பல்காரர்

அந்தக் காலத்துக் கீழக்கரையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தெடுக்கிறார்கள். இங்கே எடுத்த சங்கு வங்காளம் வரை போய் அங்கே பெண்களின் கைவளையாகிறது. துணி, அரிசி, மிளகு, பாக்கு என்று சரக்குகள் ஏறுகின்றன, இறங்குகின்றன. கடலில் முன்பு போர்த்துக்கீசியர் ஆதிக்கம். 1658-இல் தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் பிடித்த பிறகு அவர்கள் ஆதிக்கம். இந்தக் கரையின் வணிகம் முழுவதையும் தங்கள் பிடிக்குள் வைத்துக்கொள்ள டச்சுக் கம்பெனி முயன்றது. அதற்கு நடுவில் சொந்தக் கப்பல் விட்டுப் பிழைப்பது லேசான காரியம் அல்ல.

பெரியதம்பி மரைக்காயர் அதைச் செய்தார். டச்சுக்காரர்களின் ஆவணங்களே அவர் பெயரை எழுதி வைத்திருக்கின்றன. தங்களுக்குப் போட்டியாக நின்ற ஒரு பெரிய வணிகரை அவர்களால் கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

சேதுபதியும் மரைக்காயரும்

அவருக்குப் பக்கபலமாக நின்றவர் கிழவன் சேதுபதி என்ற ரகுநாத சேதுபதி. 1710 வரை சேதுநாட்டை ஆண்டவர். போகலூரில் இருந்த தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றியவரும் அவரே. இன்று நீங்கள் இராமநாதபுரத்தில் பார்க்கும் இராமலிங்க விலாசம் அரண்மனை அவர் காலத்தை நினைவூட்டுவது. அந்தக் கோட்டைப் பணியில் சீதக்காதியும் துணை நின்றார் என்பது இந்தச் சீமையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

இராமேசுவரம் கோயிலுக்குக் காவலர் என்ற பெருமையைத் தாங்கியவர்கள் சேதுபதிகள். அந்த மரபில் வந்த அரசர், தன் பெயரோடு சேர்ந்த விஜய ரகுநாத என்ற பட்டத்தை ஒரு முஸ்லிம் வணிகருக்குக் கொடுத்தார். விஜய ரகுநாத பெரியதம்பி மரைக்காயர் என்று அவர் வழங்கப்பட்டார். அரசருக்குக் கடல் தெரிந்த ஆள் வேண்டும்; வணிகருக்கு நாடு தெரிந்த அரசர் வேண்டும். அந்தத் தேவையில் தொடங்கிய உறவு நட்பாக நிலைத்தது.

கொடுத்த கை

சம்பாதித்ததை அவர் வைத்துக்கொள்ளவில்லை. பஞ்ச காலத்தில் அரிசி விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, கையில் சரக்கு வைத்திருந்த வணிகர் என்ன செய்வார்? விலை இன்னும் ஏறட்டும் என்று காத்திருப்பார். சீதக்காதி களஞ்சியத்தைத் திறந்து சோறு போட்டார் என்றுதான் அவரைப் பாடிய புலவர்கள் நினைவுகூர்கிறார்கள்.

புலவர்களுக்கும் அவர் வாசல் திறந்தே இருந்தது. சமயம் பார்க்கவில்லை. படிக்காசுப் புலவர் அவரைப் புகழ்ந்து பாடினார். எட்டயபுரம் அவைக்களத்தோடு தொடர்புடைய உமறுப்புலவருக்கு, நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைத் தமிழில் காப்பியமாகப் பாடும்படி ஊக்கம் கொடுத்தவரும் இவரே. கீழக்கரையில் வாழ்ந்த பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பாவிடம் புலவரை அனுப்பி, வேண்டிய செய்திகளுக்கு வழி செய்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட சீறாப்புராணம் அப்படித்தான் உருவானது. நூல் முடிவதற்குள் சீதக்காதி மறைந்துவிட்டார். அபுல் காசிம் மரைக்காயர் என்ற இன்னொரு வள்ளல் முன்வந்து அந்தப் பணி தொடர உதவினார்.

சீறாப்புராணத்தைப் பற்றி ஒன்றை மட்டும் இங்கே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது அரபு நாட்டில். ஆனால் உமறு அந்த நாட்டை வருணிக்கும்போது தமிழ்க் காப்பிய மரபில், ஆறும் வயலும் மழையுமாக வருணிக்கிறார். நம்பிக்கை அங்கிருந்து வந்தது. அதைச் சொல்லும் முறை இந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. சீதக்காதியோடு இணைத்துச் சொல்லப்படும் கட்டடத்திலும் இதே சங்கதிதான்.

கல்லில் ஒரு பள்ளிவாசல்

கீழக்கரை ஜும்ஆப் பள்ளிவாசலைக் கட்டுவித்தவர் சீதக்காதி என்பது ஊர் மரபு. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. தொழுகை இல்லாத நேரத்தில், பொறுப்பில் இருப்பவர்களிடம் அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள். நம் ஊர்க் கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தது போல இருக்கும். வரிசை வரிசையாகக் கருங்கல் தூண்கள். தூண் தலையில் போதிகை. அதன் மேல் உத்தரம். அதற்கும் மேல் பரப்பிய பலகைக் கற்கள். சிற்பிகள் அதே கைவேலையைத்தான் காட்டியிருக்கிறார்கள்; உருவங்களை மட்டும் விட்டுவிட்டுப் பூவும் கொடியும் கோலம் போன்ற வடிவங்களுமாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

இஸ்லாமியக் கட்டடம் என்றதும் நம் நினைவுக்கு வருவது குவிமாடமும் மினாராவும்தான். ஆனால் உலகம் முழுவதும் பழைய முஸ்லிம் ஊர்களைப் பார்த்தால், ஒரே வடிவத்தை எங்கும் நகல் எடுக்கவில்லை என்பது தெரியும். ஈரானில் யஸ்து நகரம் பாலைவன ஓரத்தில் இருக்கிறது. அங்கே வீட்டுக்கு மேல் உயரமான காற்றுக் கோபுரம் கட்டி, மேலே ஓடும் காற்றைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கினார்கள். கெய்ரோவில் தெருப்பக்க ஜன்னலுக்கு மரச்சட்டங்களால் பின்னிய பலகணி வைத்தார்கள். வெயில் உடைந்து வரும், காற்று வரும், வீட்டின் மறைவும் காக்கப்படும். அந்தப் பலகணியில் மண்பானையில் தண்ணீர் வைத்தால் வரும் காற்றும் குளிர்ந்து வரும். எகிப்தைச் சேர்ந்த ஹசன் ஃபாத்தி (1900–1989) என்ற கட்டடக் கலைஞர், 1940-களில் புதிய குர்ணா என்ற கிராமத்தை மண் செங்கல்லாலும் முற்றங்களாலும் கட்டியபோது, இந்தப் பழைய அறிவைத்தான் திரும்பக் கையில் எடுத்தார்.

பாலைவனத்தில் காற்றுக் கோபுரம். கீழக்கரையில் தூண் மண்டபம். வடிவம் வேறு, கேள்வி ஒன்றுதான். இந்த ஊரின் வெயில் எப்படி, காற்று எந்தப் பக்கம், கையில் கிடைக்கும் பொருள் என்ன, அதைக் கையாளத் தெரிந்த ஆட்கள் யார்?

வெயிலுக்கு முதுகு

நம் நாட்டில் தொழுகையின் திசை மேற்கு. அதனால் பள்ளிவாசலின் மேற்குச் சுவர் பெரும்பாலும் திறப்பு இல்லாத கனமான சுவராக இருக்கும். வாசல் கிழக்கே இருக்கும். இது வணக்கத்துக்காக வந்த அமைப்புதான். ஆனால் நம் சித்திரை வைகாசி வெயிலை அறிந்தவர்களுக்கு அதன் பலன் உடனே புரியும். நம்மை வாட்டுவது பிற்பகல் மேற்கு வெயில். அதற்குக் கட்டடம் முதுகைக் காட்டி நிற்கிறது.

அடுத்தது கனம். கல்லும் தடித்த சுவரும் மெதுவாகத்தான் சூடேறும். பகலில் வாங்கிய சூடு உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நாலரை அங்குலச் சுவர் வைத்த நம் வீடுகளில் மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது, சுற்றியுள்ள நிழல். பழைய பள்ளிவாசல்களில் வெயிலிலிருந்து நேராகத் தொழும் இடத்துக்குள் போய்விட மாட்டோம். முன் மண்டபம், தாழ்வாரம், தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றாகக் கடந்து போவோம். கண்ணும் உடம்பும் படிப்படியாகக் குளிரும். வெயிலைச் சுவரில் தடுப்பதற்கு முன்னால் தாழ்வாரத்திலேயே தடுத்துவிடுகிறார்கள்.

நான்காவது தண்ணீர். ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் உளூச் செய்யத் தேவைக்கு மேல் நீரை வீணாக்கக் கூடாது என்பது இஸ்லாம் கற்றுத் தரும் ஒழுக்கம். வற்றாத ஆறு இல்லாத, ஊருணியையும் கண்மாயையும் நம்பிய நம் சீமையில் இதன் பொருள் இன்னும் அழுத்தமானது. உளூச் செய்த தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் தென்னைக்குப் போவதைப் பல ஊர்ப் பள்ளிவாசல்களில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

எல்லாவற்றையும் நகல் எடுக்க வேண்டாம்

இதைப் படித்துவிட்டு, பழையது எல்லாமே நல்லது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கரையில் பவளப்பாறையை வெட்டிக் கட்டடக் கல்லாகவும், சுட்டுச் சுண்ணாம்பாகவும் பயன்படுத்தும் வழக்கம் நீண்ட காலம் இருந்தது. ஊர் சிறிதாக இருந்தபோது கடல் அதைத் தாங்கியது. பிறகு வண்டி வண்டியாக வெட்டத் தொடங்கினோம். இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. பவளப்பாறையைச் சூறையாடியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. இன்று பவளப்பாறையில் கை வைப்பது குற்றம்.

எனவே பழைய கட்டடத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் பொருளை அல்ல, அது யோசித்த முறையை. வளைவு வைத்த முகப்பும் பச்சைக் கண்ணாடியும் ஒட்டினால் நம் கட்டடம் குளிர்ந்துவிடாது. கல் தூணும் நமக்கு வேண்டாம். வெயில் எங்கே, காற்று எங்கே, தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

கல்லறையிலிருந்து நீண்ட விரல்

சீதக்காதியின் கதைக்கு முடிவு சொல்லவில்லையே. அவர் மறைந்த செய்தி தெரியாமல் படிக்காசுப் புலவர் பரிசில் நாடி வந்தாராம். வள்ளல் இல்லை என்றதும் அடக்கத்தலத்துக்குப் போய் அழுது பாடினாராம். அப்போது அடக்கத்தலத்திலிருந்து மோதிரம் அணிந்த விரல் வெளியே நீண்டது, புலவர் அதைக் கழற்றிக்கொண்டார் என்பது கதை. இறப்பதற்கு முன்பே, புலவர் வந்தால் கொடுக்கும்படி மோதிரத்தைச் சொல்லி வைத்துவிட்டுப் போனார் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி, பழமொழி பிறந்தது இந்தக் கதையில்தான்.

சீதக்காதி கீழக்கரையிலேயே அடங்கியிருக்கிறார். அந்த மோதிரம் இன்று எங்கும் இல்லை. அவர் சோறு போட்டுக் காத்தவர்களின் பேரன் பேத்திகளும் மறைந்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கல் மண்டபத்தின் நிழலில் இன்று மதியமும் யாரோ ஒருவர் உட்கார்ந்து மூச்சு வாங்கியிருப்பார். மின்விசிறி வந்தது நேற்று. அதற்கு முன்பு பல தலைமுறைகளுக்கு அந்தக் கூடம் ஒரு காசு மின்கட்டணம் இல்லாமல் நிழல் கொடுத்திருக்கிறது. செத்த பிறகும் கொடுப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நேரான விளக்கம் இல்லை.

இனி நம் மூன்றாவது தீர்மானம்

நம் முற்றத்துக்கு வருவோம். நம் எல்லோருடைய சமையலறை, குளியலறை ஜன்னல்களும் அந்தத் திறந்த வெளியைப் பார்த்துத்தான் இருக்கின்றன. சூடான காற்று மேலே எழும்பி அதன் வழியாக வெளியேறுகிறது. கீழே வாசல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. தப்பித் தவறி எங்காவது தீப்பிடித்தால் புகை போகும் வழியும் அதுதான். மேலே ஷீட்டை ஒட்டி மூடினால், வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. பிறகு அத்தனை பேரும் ஏசியைக் கூட்டுவோம். அந்த ஏசிகளின் வெளி யூனிட்டுகளும் அதே முற்றத்துக்குள்தான் சூட்டைத் தள்ளும். மேற்குப் பக்கத்துக் கண்ணாடியும் அப்படியே. கெய்ரோக்காரர்கள் பின்னல் பலகணி வைத்த இடத்தில் நாம் இருக்கும் ஜாலியைப் பிடுங்கப் போகிறோம்.

அதற்காகப் பெரியவர்கள் இன்னொரு ஐப்பசியிலும் வழுக்கி விழட்டும் என்று விட்டுவிட முடியாது. கூட்டத்தில் பேச நான் முன்வைப்பவை இவை:

1. முற்றத்துக்குக் கூரை வேண்டும் என்றால், கைப்பிடிச் சுவருக்கு மேல் இரண்டு மூன்று அடி உயர்த்தி, நான்கு பக்கமும் திறந்துவிட்டு, சுற்றிலும் வெளியே நீட்டிப் போடலாம். மழை தடுபடும், காற்று போகும்.

2. ஜாலியை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் வெளிப்பக்கத்தில் சாய்வாக மழைத்தடுப்பு வைக்கலாம். படிகளில் வழுக்காத பட்டை ஒட்டி, இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி போடலாம். இந்த இரண்டும் கூட்டம் முடிந்த மறுவாரமே செய்யக் கூடியவை.

3. புறாவுக்கு வலை போதும். கண்ணாடி தேவையில்லை.

4. மொட்டை மாடிக்குப் பங்குனிக்குள் வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பம் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடித்துவிடலாம். மேல்மாடி வீட்டுக்காரர்களைக் கேட்டால் அவசியம் சொல்வார்கள்.

5. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. நம்மிடமும் தொட்டி இருக்கிறது. மண் மூடிக் கிடக்கிறது. புரட்டாசி முடிவதற்குள் தூர்வாரினால் வடகிழக்குப் பருவமழையை வீணாக்காமல் பிடிக்கலாம். லாரித் தண்ணீர்ச் செலவு எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும் நம் பொருளாளருக்கு இதன் அருமை தெரியும்.

என் யோசனைகளில் தவறு இருக்கலாம். கட்டட வேலை தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், திருத்துங்கள். செலவைப் பற்றிய மதிப்பீட்டையும் ஒரு பொறியாளரிடம் கேட்டு, இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுப்போம். ஒரே ஒரு வேண்டுகோள்: மூடிவிட்டு வருத்தப்படுவதைவிட, மூடுவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கீழக்கரைக்குப் போய்வாருங்கள். பிற்பகல் மூன்று மணி வெயிலில் தெருவில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, அனுமதி பெற்று அந்தத் தூண்களுக்கு இடையே ஐந்து நிமிடம் நில்லுங்கள். மற்றதை உங்கள் உடம்பே சொல்லும்.

நாம் இந்தக் கட்டடத்தில் நிரந்தரமாக இருக்கப் போவதில்லை. வீடு கை மாறும், வாடகைக்கு ஆட்கள் வருவார்கள், நம் பிள்ளைகள் வேறு ஊருக்குப் போவார்கள். நமக்குப் பின் இந்தப் படியில் ஏறப் போகிறவர்களுக்குச் சூட்டை விட்டுச் செல்வதா, நிழலை விட்டுச் செல்வதா என்பதைத்தான் அந்த மூன்றாவது தீர்மானத்தில் கையெழுத்திட்டு முடிவு செய்யப் போகிறோம்.

பொதுக்குழுவில் சந்திப்போம். அவசியம் வாருங்கள்.